"காயில் போயிடுச்சு!" - வேப்பூர் போர்களுக்குள் மோட்டார் ஏன் கருகுகிறது?

சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம் போகும் சாலையும் சந்திக்கும் இடம் வேப்பூர் கூட்டுரோடு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையால் தெரியும். சுற்றியுள்ள கிராமத்து விவசாயிகளுக்கு இங்கே வர இன்னொரு வேலையும் உண்டு. போரிலிருந்து ஏற்றிய மோட்டாரைக் குட்டியானையில் போட்டுக்கொண்டு வைண்டிங் கடை தேடி வருவார்கள். கடைக்காரர் மோட்டாரைத் திறந்ததும் கருகல் வாடை வரும். அதற்குப் பிறகு அவர் சொல்லப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "காயில் போயிடுச்சு!"

செலவு காயிலோடு முடிவதில்லை. 300 அடி, 400 அடி குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே தூக்க ஆள் வேண்டும். மறுபடி இறக்கவும் அதே ஆட்கள், அதே கூலி. சீசன் நேரத்தில் வைண்டிங் கடையில் வரிசை வேறு. இதற்கெல்லாம் நான்கைந்து நாள் ஓடிவிடும். மக்காச்சோளம் பூத்து, கதிர் நூல் விடும் சமயத்தில் இந்த நான்கைந்து நாள் வந்து மாட்டினால், மோட்டார் செலவைவிடக் கதிரில் மணி பிடிக்காமல் போகும் நஷ்டம்தான் பெரிதாக இருக்கும்.

இத்தனைக்கும் காரணம் கேட்டால் "கரன்ட் சரியில்ல", "கம்பெனி சரியில்ல", "நேரம் சரியில்ல" என்று மூன்று பதில்கள் தயாராக இருக்கும். மூன்றாவதை விட்டுவிடலாம். முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், எந்த மோட்டாரும் கடைசியில் கருகுவது ஒரே காரணத்தால்தான். உள்ளே உண்டாகும் சூடு, வெளியே போகும் சூட்டைவிட அதிகமாகிவிடுகிறது.

போருக்குள் ஒரு வெந்நீர்க் கம்பி

ஒரு ஹெச்.பி என்பது 746 வாட். 5 ஹெச்.பி மோட்டார் தண்ணீர் இறைக்கும் பம்புக்குக் கொடுப்பது சுமார் 3,700 வாட். ஆனால், அதற்காக மின்கம்பத்திலிருந்து அது இழுப்பது ஏறக்குறைய 5,000 வாட். நடுவில் காணாமல்போகும் 1,200 வாட்டும் சூடாகத்தான் மாறுகிறது. குளியலறை பக்கெட்டில் போடும் வெந்நீர்க் கம்பி பெரும்பாலும் 1,000 வாட்தான். ஆக, நன்றாக ஓடும் ஒரு 5 ஹெச்.பி மோட்டார், தண்ணீர் இறைக்கும் நேரமெல்லாம் ஒரு வெந்நீர்க் கம்பியைவிடக் கூடுதலான சூட்டை 300 அடி ஆழத்தில் கக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சூடு பல இடங்களில் பிறக்கிறது. பெரும்பங்கு தாமிரக் கம்பியில். மின்சாரம் இரண்டு மடங்கு பாய்ந்தால் கம்பியில் சூடு நான்கு மடங்கு ஆகும். அடுத்தது, கம்பி சுற்றப்பட்டிருக்கும் இரும்பில். அது ஒரே கட்டி இரும்பாக இருந்தால் அதற்குள்ளேயே மின்சுழல்கள் ஓடிக் கொதித்துவிடும். அதனால்தான் சிலிக்கான் கலந்த எஃகை அரை மில்லிமீட்டர் தகடுகளாக வெட்டி, ஒவ்வொரு தகட்டின் மீதும் மின்தடைப் பூச்சு பூசி, நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். கடைக்காரர்கள் 'ஸ்டாம்பிங்' என்று சொல்வது இதைத்தான். மிச்சச் சூடு ரோட்டாரிலும் புஷ், பேரிங் உரசலிலும் வருகிறது.

இதில் முதலில் சாவது எது? தாமிரம் உருக 1,085 டிகிரி வேண்டும். இரும்புக்கு 1,500 டிகிரிக்கு மேல். இரண்டும் சாகாது. தாமிரக் கம்பி மேல் போட்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டைதான் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் நிரப்பிய மோட்டார்களில் பி.வி.சி உறை போட்ட கம்பி என்றால் அதன் தாக்குப்பிடிக்கும் எல்லை சுமார் 70 டிகிரிதான். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தச் சட்டை இளகி, ஒரு சுற்றுக் கம்பி பக்கத்துச் சுற்றைத் தொட்டால் கதை முடிந்தது.

இளகுவதற்கு முன்பே முதுமை தொடங்கிவிடும். இன்சுலேஷனின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார் தொழிலில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் கணக்கு. பத்து வருடம் ஓட வேண்டியது ஐந்து வருடம். இன்னும் 10 டிகிரி கூடினால் இரண்டரை வருடம். கூடவே ஒரு விஷச் சுழலும் உண்டு. தாமிரம் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை சுமார் 0.4% கூடும். மின்தடை கூடினால் சூடு இன்னும் கூடும்.

தண்ணீர்தான் ஃபேன்

தரைக்கு மேல் ஓடும் மோனோபிளாக் மோட்டாரைப் பார்த்தால் பின்பக்கம் ஒரு விசிறி இருக்கும். உடம்பெல்லாம் வரிவரியாக இரும்புத் துடுப்புகள் இருக்கும். சூடு வெளியேறும் பரப்பைக் கூட்டத்தான் அந்த வரிகள். விசிறி அவற்றின் மேல் காற்றை ஓட்டுகிறது. மழைக்குப் பயந்து அதன்மீது சாக்கைப் போட்டு மூடிவைப்பவர்கள், உண்மையில் மோட்டாரின் மூக்கைப் பொத்துகிறார்கள்.

ஆறரை அங்குல போருக்குள் விசிறியும் கிடையாது, காற்றும் கிடையாது. ஆனால், அங்கே காற்றைவிட நல்லது இருக்கிறது. தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நீர்மூழ்கி மோட்டாரின் வடிவமே இருக்கிறது.

அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளுக்காக 1920-களில் நீர்மூழ்கி மின் பம்பை உருவாக்கியவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த ஆர்மைஸ் அருட்டுனாஃப். அவரது மோட்டாருக்குள் நிரப்பியது எண்ணெய். இன்றும் வீடுகளின் 4 அங்குல போர்களில் 'ஆயில் மோட்டார்' உண்டு. ஆனால், நம் வயல்களில் பெரும்பாலும் இறங்குவது உள்ளேயே தண்ணீர் நிரப்பிய மோட்டார். காயில் தண்ணீரிலேயே ஊறிக்கிடக்கும். சாதாரண எனாமல் கம்பிக்கு இது ஒத்துவராது. பி.வி.சி உறை போட்ட கம்பி, அல்லது பாலியஸ்டர் ஃபிலிமும் பாலிபுரொப்பிலீன் நாடாவும் சுற்றிய 'பாலி' கம்பிதான் வேண்டும். காயிலில் பிறக்கும் சூட்டை உள்ளே இருக்கும் தண்ணீர் வாங்கி, வெளி எவர்சில்வர் உறைக்குக் கொடுக்கிறது. உறையைத் தொட்டபடி மேலேறும் போர் தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. பம்பின் மொத்த பாரத்தையும் தாங்கும் கார்பன் த்ரஸ்ட் பேரிங்குக்கும் கிரீஸ் கிடையாது. உள்ளே இருக்கும் அதே தண்ணீர்தான் எண்ணெய். சூட்டில் தண்ணீர் விரிவதற்கு இடம்கொடுக்க, அடியில் ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது.

மேலே பம்பு, கீழே மோட்டார், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் உறிஞ்சும் வாய் என்று அமைத்ததற்கும் காரணம் இதுதான். கீழிருந்து வரும் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டுதான் வாய்க்குப் போயாக வேண்டும். 6 அங்குல மோட்டார்களுக்கு இந்த உரசல் ஓட்டம் நொடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வேகத்திலாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆறரை அங்குல போரில், மோட்டாருக்கும் போர் சுவருக்கும் உள்ள இடுக்கில் நிமிடத்துக்கு 50 லிட்டர் போனாலே இந்த வேகம் கிடைத்துவிடும். நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால், 1,200 வாட் சூட்டையும் வாங்கிக்கொண்ட பிறகு அந்தத் தண்ணீர் அரை டிகிரிகூடச் சூடேறாது!

அதே தண்ணீர் ஓடாமல் நின்றுவிட்டால்? மோட்டாரைச் சுற்றி 20 லிட்டர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூட்டுக்கு வேறு போக்கிடம் இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் அது 50 டிகிரி ஏறிவிடும். நிலத்தடி நீரே இங்கே 30 டிகிரி வாக்கில் இருக்கிறது. பி.வி.சி சட்டையின் எல்லை 70. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே ஊற்று, கீழே மோட்டார்

இங்கேதான் வேப்பூரின் பூமி குறுக்கே வருகிறது. கடலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி மணலும் வண்டலுமான நிலம். மேற்கே வரவரப் பாறை. பாறை போரில் தண்ணீர் எல்லா இடத்திலிருந்தும் கசியாது. பாறை வெடிப்புகளில் இருக்கும் ஊற்றுக்கண் வழியாக மட்டும்தான் வரும். போர் போடும்போது 180 அடியில் ஒன்று, 260 அடியில் ஒன்று என்று ஊற்று கண்டவர்கள், "எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது" என்று 380 அடியில் மோட்டாரைத் தொங்கவிடுகிறார்கள். ஊற்று மேலே இருக்கிறது. மோட்டார் கீழே இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து இறங்கி நேராகப் பம்பின் வாய்க்குள் போய்விடுகிறது. வாய்க்குக் கீழே தொங்கும் மோட்டாரை அது தொடுவதே இல்லை. குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, வயல் நனைகிறது, மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் தண்ணீர் இல்லாமல் வேகிறது!

"தண்ணிக்குள்ள இருக்குற மோட்டார் எப்படிங்க சூடாகும்?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நனைந்திருப்பது போதாது, தண்ணீர் ஓட வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நீர்மட்டம் இடம்கொடுத்தால், நல்ல ஊற்றுக்கு மேலே மோட்டாரைத் தொங்கவிடுவது முதல் வழி. அப்போது தண்ணீர் கீழிருந்து ஏறித்தான் வரும். கோடையில் மட்டம் இறங்கும் போர்களுக்கு இது சரிப்படாது. அங்கே இரண்டாவது வழி, மோட்டாருக்கு ஒரு குழாய்ச் சட்டை. உறிஞ்சும் வாய்க்கு மேலே மூடி, மோட்டாரின் அடிக்குக் கீழே திறந்திருக்கும்படி ஒரு குழாயை மாட்டிவிடுவார்கள். மேலிருந்து வரும் தண்ணீர் குழாய்க்கு வெளியே கீழே இறங்கி, உள்ளே நுழைந்து, மோட்டாரை உரசிக்கொண்டு மேலேறியாக வேண்டும். கூலிங் ஜாக்கெட் என்பார்கள். ஒரு சிக்கல், ஆறரை அங்குல போருக்குள் 6 அங்குல மோட்டாரையும் விட்டு, அதற்கு ஜாக்கெட்டும் போட இடம் இருக்காது. 4 அங்குல மோட்டார் என்றால் தாராளமாகப் போடலாம். ஆகவே இது மோட்டார் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம். போர் போட்ட அன்று எத்தனையாவது அடியில் ஊற்று வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இது கைகொடுக்கும். போர் லாரி கிளம்பிய மறுநாளே மறந்துபோகும் தகவல் அது.

அகலமான திறந்த கிணற்றில் போர் மோட்டாரை நட்டமாகத் தொங்கவிடுவதிலும் இதே ஆபத்து உண்டு. சுற்றிலும் நிறையத் தண்ணீர் இருக்கும். மோட்டாரை உரசி ஓடும் தண்ணீர் இருக்காது. அங்கேயும் ஜாக்கெட் வேண்டும், அல்லது அதற்கென்றே வரும் ஓப்பன்வெல் மோட்டார் வேண்டும்.

போரின் அடிமட்டத்தில் மோட்டாரை உட்காரவைப்பதும் தவறு. சேற்றில் புதைந்த மோட்டாருக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும். உப்புத் தண்ணீர்ப் பகுதிகளில் மோட்டார் உறைமீது வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும் அதே வேலையைச் செய்யும். மோட்டாரை எப்போது மேலே எடுத்தாலும் அந்த வெள்ளையைச் சுரண்டிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

கரன்ட்டின் பங்கு

'கரன்ட் சரியில்ல' என்ற புகாருக்கு வருவோம். பம்பின் பாரம் அப்படியே இருக்க, 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 350 வந்தால், மோட்டார் குறைந்த வோல்ட்டேஜை ஈடுகட்டக் கூடுதல் ஆம்ப்ஸ் இழுக்கும். அதில் காயில் சூடு மட்டும் சுமார் 40% கூடிவிடும். சிக்கனம் பார்த்து வாங்கிய மெல்லிய கேபிளும் இதே கெடுதலைச் செய்யும். 400 அடி கேபிளிலேயே கொஞ்சம் வோல்ட்டேஜ் செத்துவிடும். மூன்று ஃபேஸ்களின் வோல்ட்டேஜ் சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். மூன்றரை சதவிகித ஏற்றத்தாழ்வுக்கே மோட்டாரின் சூடேற்றம் 25% வரை கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது, மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுவது. பயிர் காயும்போது இதைச் செய்யாதே என்று சொல்வது எளிது. செய்பவரின் அவசரம் அவருக்குத்தான் தெரியும். ஆனாலும் கணக்கு இரக்கம் காட்டாது. மூன்று பேர் தூக்க வேண்டிய பாரத்தை இரண்டு பேர் தூக்கும்போது, அந்த இரண்டு காயில்களிலும் மின்சாரம் 1.7 மடங்கும் சூடு 3 மடங்கும் போகலாம். கண்டென்சர் இதைக் கொஞ்சம் தணிக்கும், தீர்க்காது.

இதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே இருக்கிறது. சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை, ஆம்ப்ஸ் கூடினால் மெதுவாக வளைந்து மோட்டாரை நிறுத்திவிடும். "அடிக்கடி விழுந்துக்கிட்டே இருக்கு" என்று அதன் திருகை மேலே ஏற்றி வைப்பவர்கள் உண்டு. நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவது போன்றது அது. அணைத்து அணைத்துப் போடுவதும் கெடுதல்தான். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் வழக்கத்தைவிட ஆறு மடங்கு ஆம்ப்ஸ் போகும். அப்படியென்றால், அந்தச் சில நொடிகளுக்குக் காயிலில் 36 மடங்கு சூடு.

ரீவைண்டிங் மேசையில்

நீர்மூழ்கி மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்த உறை போட்ட கம்பியை, ஸ்டேட்டரின் ஒவ்வொரு துளையிலும் ஊசியில் நூல் கோப்பதுபோல் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, எண்ணி எண்ணிக் கட்டுவார்கள். கம்பியின் கேஜ், சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டும் கம்பெனி போட்டதுபோலவே இருக்க வேண்டும். ஒரு கேஜ் மெல்லிய கம்பி போட்டால் தாமிரச் செலவு மிச்சம்தான். ஆனால், மெல்லிய கம்பிக்கு மின்தடை அதிகம், சூடும் அதிகம். "ரீவைண்டிங் பண்ண மோட்டார் ரெண்டு வருஷம்கூட வரல" என்ற புலம்பல்களில் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது. கழற்றிய பழைய கம்பியை எடைபோட்டு, புதிதாகப் போட்டதையும் எடைபோட்டுப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

மோனோபிளாக் மோட்டாரில் வேறொரு தவறு நடக்கும். வார்னிஷ் இறுகிய பழைய காயிலை எடுக்க, ஸ்டேட்டரையே தீயில் போட்டுக் காய்ச்சுவது. தீ கட்டுமீறினால் ஸ்டாம்பிங் தகடுகளுக்கு இடையில் இருக்கும் மின்தடைப் பூச்சும் சேர்ந்து எரிந்துபோகும. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் இரும்பே சூடாகிக்கொண்டிருக்கும். தாமிரத்துக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்ட மலிவு மோட்டார்களும் சந்தையில் உண்டு. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் தாமிரத்தில் சுமார் 60 சதவிகிதம்தான்.

நல்ல மோட்டார் என்பது சூட்டை நன்றாக வெளியேற்றும் மோட்டார் மட்டுமல்ல, சூட்டைக் குறைவாக உண்டாக்கும் மோட்டார். ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் கோவையில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். அன்றிலிருந்து கோவைத் தொழில் செய்துவரும் முன்னேற்றங்களில் பெரும்பகுதி இந்தத் திசையில்தான். ரோட்டாரில் அலுமினியத்துக்குப் பதில் தாமிரக் கம்பிகள், மேம்பட்ட ஸ்டாம்பிங் எஃகு, துளைக்குள் கூடுதல் தாமிரம். விவசாய பம்புசெட்டுகளுக்கு மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திரக் குறியீடு இருக்கிறது. 'கரன்ட் இலவசம்தானே, நமக்கெதுக்கு ஸ்டார்?' என்று நினைப்பவர்கள் அதை வேறு கோணத்தில் பார்க்கலாம். வீணாகும் ஒவ்வொரு வாட்டும் அவர்களுடைய காயிலைத்தான் சுடுகிறது. பழைய மோட்டாரை மாற்றும் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக மானியத் திட்டங்கள் வருகின்றன. வாங்குவதற்கு முன்பு அந்த அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

பீங்கான் ஊரின் தொடர்பு

வேப்பூரிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்தில் விருத்தாசலம். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை வைத்து வளர்ந்த பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. அகல் விளக்கு, பொம்மைகளோடு மின்சார ஃபியூஸ் கேரியர்களும் இங்கே தயாராகும் பொருள்கள். பம்புசெட் கொட்டகைச் சுவரில் வெள்ளையாகத் தெரியும் அந்தக் கேரியர், மின்சாரத்தையும் தாங்கும், ஃபியூஸ் கம்பி தெறிக்கும்போது வரும் பொறியின் சூட்டையும் தாங்கும். பிளாஸ்டிக்கால் இரண்டாவது முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது திடீர் ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து. மெல்ல மெல்ல வேகும் மோட்டாரை அது காப்பாற்றாது. அதிலும் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் கேபிள் நரம்பை முறுக்கிப் போட்டிருந்தால் எதிலிருந்துமே காப்பாற்றாது.

பீங்கான் குடும்பத்தின் சொந்தக்காரர்கள் மோட்டாருக்குள்ளேயும் இருக்கிறார்கள். மோனோபிளாக் பம்பின் சீலைக் கழற்றினால் ஒரு கறுப்பு வளையமும் ஒரு வெள்ளை வளையமும் இருக்கும். கறுப்பு கார்பன், வெள்ளை செராமிக். தண்ணீர் இல்லாமல் ஓட்டி, சூடேறிய பிறகு திடீரென்று தண்ணீர் பட்டால் அந்த வெள்ளை வளையம் விரிசல் விடும். 'சீல் லீக்' என்று கடைக்கு வரும் பம்புகளில் பலவற்றின் கதை இது.

மோட்டார் வடிவமைப்பாளர்களை செராமிக் ஈர்ப்பதற்குக் காரணம் வேறு. தாமிரம் மின்சாரத்தையும் கடத்தும், சூட்டையும் கடத்தும். பிளாஸ்டிக் இரண்டையும் தடுக்கும். மோட்டாருக்கு வேண்டியதோ மின்சாரத்தைத் தடுத்து, சூட்டை மட்டும் வழிவிடும் பொருள். அலுமினா, அலுமினியம் நைட்ரைடு போன்ற செராமிக்குகள் அப்படிப்பட்டவை. சாதாரண எப்பாக்ஸி பிசினைவிட அலுமினா நூறு மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அதனால் மின்வாகன மோட்டார்களில் காயிலைச் சுற்றி ஊற்றும் பிசினில் இந்தப் பொடிகளைக் கலக்கும் முறை வந்திருக்கிறது. விருத்தாசலத்துச் சூளைகள் நாளைக்கே இதற்கு மாறிவிட முடியாது. அலுமினா உருப்படிகளை வேகவைக்க 1,600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், பொடியும் களிமண்ணிலிருந்து நேராக வராது. ஆனாலும் மண்ணைச் சுட்டு மின்சாரத்தை அடக்கும் வித்தை தெரிந்த ஊர், அகல் விளக்கோடு நின்றுவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மிக்ஸியும் இதே சாதிதான்

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். சின்ன உடம்புக்குள் 750 வாட் மோட்டாரை அடைத்து வைத்திருப்பதால் மிக்ஸி சீக்கிரம் சூடாகும். பல மிக்ஸிகளின் கையேட்டில் 5 நிமிடம் ஓட்டினால் 2 நிமிடம் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அடியில் காற்றுத் துளைகள் இருக்கும். மேடையில் துணி விரித்து அதன்மேல் மிக்ஸியை வைத்தால் அந்தத் துளைகள் அடைபடும். நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். அடியில் இருக்கும் சின்ன பட்டன்தான் அதன் ஓவர்லோட் ரிலே. ஆறவிட்டு அமுக்கினால் ஓடும். மின்சார ஸ்கூட்டர் ஏற்றத்தில் திடீரென்று வேகம் குறைவதற்கும் பெரும்பாலும் சூடுதான் காரணம். காயில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் காந்தமும் சூட்டில் பலம் இழக்கும். சாதாரண ரக நியோடிமியம் காந்தத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. அதனால் வண்டியே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைக்கிறது. போர் மோட்டாருக்கு அந்த அறிவைக் கொடுக்க ஒரு நல்ல பேனல் போர்டு வேண்டும்.

இறக்குவதற்கு முன்பு

புது மோட்டாரோ, காயில் கட்டி வந்த மோட்டாரோ, போரில் இறக்கும் நாளில்தான் அவசரம் அதிகம். ஆட்கள் காத்திருப்பார்கள், வெயில் ஏறும். அந்த அவசரத்தில் பலர் தாண்டிப்போகும் வேலை, மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்புவது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, மோட்டாரை அசைத்து அசைத்துக் காற்றுக் குமிழி வெளியேறவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி நிரப்பி, அதன்பிறகே மூட வேண்டும். உள்ளே காற்று தங்கிய இடத்தில் காயிலுக்கும் பேரிங்குக்கும் தண்ணீர் எட்டாது. போர் தண்ணீரில் மண் இருக்கும் என்பதால் நிரப்புவது குடிநீராக இருப்பதே நல்லது.

இறக்கி ஓடவிட்டதும் மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்ப்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் தகட்டில் இருக்கும் அளவைத் தாண்டக் கூடாது, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ரிலேயை அந்தத் தகட்டு அளவுக்கே வைக்க வேண்டும். அன்றைய தேதி, மூன்று ஆம்ப்ஸ், வோல்ட்டேஜ், மோட்டார் தொங்கும் அடி, ஊற்று இருக்கும் அடி... இந்த ஐந்தையும் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டால் போதும். அடுத்த வருடம் அதே நாளில் மறுபடி ஆம்ப்ஸ் பார்த்து, அதன் கீழே இன்னொரு வரி எழுதலாம். இரண்டு வரிக்கும் வித்தியாசம் கூடியிருந்தால், கருகல் வாடை வருவதற்கு முன்பே மெக்கானிக்கைக் கூப்பிட நேரம் இருக்கும்.